ஜீன்ஸ் பாவாடை

துணிக் குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவியவள், அதன் நுனியைப் பிடித்துவிட்டாள்.

இழுத்தாள். நாலைந்து டீ சர்ட்டுகள் சரிந்து விழ, அது முழு நீளத்துக்கு வெளியே வந்தது.

நீல ஜீன்ஸ் பாவாடை. கணுக்கால் நீளம். மேலிருந்து கீழ் வரை முன்பக்கம் பித்தளைப் பட்டன்கள்.

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

இங்கேயும் வந்துவிட்டதா? இருபத்தேழு வருடம் கழித்து, இவ்வளவு சாவகாசமாக?

பஃப் கையும் இப்படித்தான் செய்தது. பஃப் வைத்துத் தைத்த ரவிக்கைகளை அவள் தரை துடைக்கக் கிழித்தாள். மறு வருடமே திரும்பி வந்தது. பெல்ஸ் பேன்ட் வந்தது, போனது, பேர் மாற்றிக்கொண்டு மறுபடி வந்தது. வருகிறதுதான் வருகிறது, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன?

திருப்பூர் காதர்பேட்டைக்கு அவள் வந்தது கணவருக்கு ஆறு பனியனும் மகனுக்கு இரண்டு டிராக் பேன்ட்டும் வாங்க. வாங்கியாயிற்று. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளைத் தரையில் கொட்டி விற்கிற இந்தக் கடை முன்னால் நின்றாள். சும்மா பார்க்கத்தான். பார்க்கக் காசா பணமா.

உறவில் யாருக்குத் துணி எடுப்பதென்றாலும் அவளைத்தான் கூட்டிப்போவார்கள். இருநூறு ரூபாய்க் குவியலில் இரண்டாயிரம் ரூபாய்த் துணியைக் கண்டுபிடிக்கிற கை என்று பெயர். நாத்தனார் மகளுக்கு ஜாக்கெட், தம்பி மகனுக்குச் சட்டை, எல்லாம் அந்தக் கை எடுத்ததுதான். தனக்கென்று அது இதுவரை எதையும் எடுத்ததில்லை.

காலேஜில் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் அடுத்த கட்டில் ரெஜினா இதே பாவாடை வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தாழிட்டுக்கொண்டு, பத்து நிமிடம் இவள் அதைப் போட்டு நடந்து பார்த்தாள்.

இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை.

வீட்டில் கேட்டபோது அண்ணன் சொன்னான்: "படிக்கப் போறயா, ஆடப் போறயா?"

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முறை, கோவையில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்தபடி நின்றாள். கணவர் கோபப்படக்கூட இல்லை. "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று நடையைக் கட்டினார்.

இப்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. அண்ணனுக்கு முட்டி வலி. தங்கை எதை உடுத்துகிறாள் என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. கணவர், அவள் புதுப் புடவை கட்டினால்கூடப் பழையதா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமல் போனதால், அந்த வேலையையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள்.

போன மாதம் ஒரு மாலில் இதே பாவாடை. இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. விலையைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. வாங்காமல் வர ஒரு நல்ல காரணம்.

இங்கே இருநூற்றைம்பது.

அந்தக் காரணமும் போயிற்று.

நாற்பத்தேழு வயதில் இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? காய்கறிக் கடைக்கா? எதிர்வீட்டு டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இருபதில் ஆசைப்பட்டால் அடக்கம் வேண்டும் என்றார்கள். நாற்பத்தேழில் வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும். நடுவில் ஏதோ ஒரு வருடம் சரியான வயதாக இருந்திருக்கும். அந்த வருடம் பார்த்து இது கடைக்கு வரவில்லை.

எரிச்சலோடு குவியலில் திரும்பப் போட்டாள்.

பிறகு எடுத்தாள்.

"பாப்பாவுக்குங்களாக்கா?" கடைக்காரப் பெண் கேட்டாள். அவளுக்கே இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

"ஆமா."

வாய் முந்திக்கொண்டது. அவளுக்கு ஒரே மகன். மகள் கிடையாது.

சைஸ் பார்க்க வழியில்லை. மிஞ்சிய துணியில் கம்பெனிப் பெயரும் அளவும் போட்ட லேபிளைப் பிளேடால் அறுத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். போட்டுப் பார்க்க அறையும் இல்லை. இங்கே இடுப்பை அளக்கக் கழுத்துதான். மடித்த இடுப்புப் பட்டி கழுத்தைச் சுற்றி வந்து முனையோடு முனை தொட்டால், அது சரியான அளவு.

"பாப்பா வரலீங்களே. உங்க கழுத்துல வெச்சுப் பாக்கட்டுங்களா?"

பெண் பட்டியை அவள் கழுத்தில் சுற்றிப் பிடித்தாள். பின்கழுத்தில் முரட்டுத் துணி உரசியது. முனைகள் இரண்டும் தொண்டைக்குழியில் வந்து தொட்டன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"உங்களுக்குத்தான் கரெக்டா இருக்குதுங்க. பாப்பாவுக்கு லூசாப் போயிரும். இருங்க, சின்னது ஒண்ணு கெடக்குது."

பெண் குனிந்து தேட ஆரம்பித்தாள்.

அவளுக்கு அழுகை முட்டியது. சொன்னது ஒரு பொய். அதிலும் தனக்கு இடம் வைக்காமல் சொல்லிவிட்டாளே.

"வேண்டாங்கண்ணு," என்றாள். "அவளும் என்னாட்டத்தான் இருப்பா. இதையே குடு."

பெண் நிமிர்ந்தாள். அவளை ஒரு கணம் பார்த்தாள். பாவாடையை மடித்தாள், பையில் மட்டும் போடவில்லை.

"மாத்தித் தர மாட்டோங்கக்கா, இப்பவே சொல்லிர்றேன். ஆசையா வாங்கிட்டுப் போறாங்க. அப்பறம் வூட்ல போடக் கூடாதுன்னுட்டாங்கன்னு அடுத்த வாரமே கொண்டாந்து நிக்கறாங்க. பாப்பா போடுமுங்களா?"

அவள் கையை நீட்டிப் பாவாடையை வாங்கிக்கொண்டாள்.

"போடுவா," என்றாள். "அதுக்கு நானாச்சு."