கார்பரேட்டர் என்ன குற்றம் செய்தது?

“நீ மெக்கானிக்கா, இல்ல மாட்டு டாக்டரா?”

தெய்வசிகாமணி போட்ட சத்தத்தில் சுண்ணாம்பாற்றங்கரைத் தென்னந்தோப்பில் இருந்த காக்காயெல்லாம் பறந்துபோனது. ராஜவேல் குனிந்தபடியே கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். இருபது நாளில் இது மூன்றாவது தடவை.

விஷயம் இதுதான். நின்றுகொண்டே ஓட்டுகிற அந்த வாட்டர் ஸ்கூட்டரை, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் பிரான்சுக்குத் திரும்பும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். பழசுதான். ஆனால் புதுச்சேரியில் வேறு எவனிடமும் கிடையாது. தெய்வசிகாமணிக்கு அது போதாதா? ஐம்பத்தெட்டு வயதில், அந்தத் தொப்பையோடு ஆற்றில் பறந்து காட்டுவதாக நண்பர்கள் பத்துப் பேரை வரவழைத்துவிட்டார். எல்லோரும் கையில் இளநீரோடு காத்திருந்தார்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங்கில் சமர்த்தாக நின்றது. லீவரை அமுக்கினால் மட்டும் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. அணையும்போது சும்மா அணையாமல் முதலாளியையும் தண்ணீரில் தள்ளியது. நண்பர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சிரிப்பை இளநீரோடு சேர்த்து விழுங்கிக்கொண்டார்கள்.

“மொதல்ல ப்ளக்கு போச்சுன்ன. அப்புறம் ஜெட்டுல அடைப்புன்ன. இன்னிக்கு என்ன கத?”

ராஜவேல் மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

“போன வாரம் போட்ட புது டயாபிரம் சார். பாருங்க, அப்பளம் கணக்கா ஊதி நெளிஞ்சி கெடக்கு. கார்பரேட்டர் மேல தப்பே இல்ல. பெட்ரோல்ல கலப்படம்.”

“உன் வேல சரியில்லன்னா பெட்ரோல் மேல பழி போடுவியா?”

ராஜவேல் பையிலிருந்து ஃபில்டர் பேப்பர் ஒன்றை எடுத்தான். “டாங்க்ல டூ‌ஸ்ட்ரோக் ஆயில் கலந்திருக்கு, அது கறை உடும். ஆயில் கலக்காத கேன்லருந்து ஒரு சொட்டு உடறேன். நல்ல பெட்ரோலா இருந்தா ரெண்டு நிமிஷத்துல காஞ்சி, போட்ட எடமே தெரியாது.”

“எனக்கே சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னயே இந்தப் பேப்பர் வித்தையெல்லாம் எனக்குத் தெரியும்.”

இரண்டு நிமிடம் ஆனது. ஐந்து நிமிடமும் ஆனது. பேப்பரில் மஞ்சள் வட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

தெய்வசிகாமணியின் பார்வை கேனிலிருந்து, கேனைத் தூக்கி வந்த டிரைவர் அம்மாவாசை மேல் போனது. முதலியார்பேட்டைக்காரன். மில் மூடியதும் ஒன்பது மாதம் வேலையில்லாமல் அலைந்து, இவரிடம் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

“பழைய டிரைவர் இருந்தவரைக்கும் வண்டி ஒழுங்கா ஓடிச்சி. நீ வந்ததுலருந்துதான் படுத்துக்குது. வழியில பெட்ரோல வித்துட்டு, ரேஷன் மண்ணெண்ணெய ஊத்தி நெரப்பிக்கினு வர்றியாடா?”

“ஐயோ, இல்லீங்க ஐயா! பங்க்ல புடிச்சத அப்படியே கொண்ணாந்தேன்.”

“எந்த பங்க்ணே?” என்று கேட்டான் ராஜவேல்.

அம்மாவாசை நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான்.

“பாத்தீங்களா, பேச்சு வரல!” தெய்வசிகாமணிக்கு மைக் இல்லாத குறைதான். “சோறு போடற வீட்டுலயே கைய வெக்கறானுங்க. இந்த நாடு எப்படிய்யா உருப்படும்? கலப்படம் பண்றவன் எவனா இருந்தாலும் நடுரோட்டுல தூக்குல போடணும்!”

நண்பர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். கோவிந்தசாமி என்கிறவர் உணர்ச்சிவசப்பட்டு இரண்டாவது இளநீர் கேட்டார்.

“நாளையிலருந்து நீ வேலைக்கு வராத. கார் சாவிய வெச்சிட்டுக் கெளம்பு.”

அம்மாவாசை கார் சாவியை வெளியே எடுத்தான். மறுபடி ஒன்பது மாதமா? அதுவும் திருடன் என்ற பெயரோடா? மனைவி தையல்நாயகி முகத்தில் எப்படி விழிப்பது? சட்டைப் பையிலிருந்து பெட்ரோல் போட்ட பில்லை எடுத்தான். அப்போதும் எல்லோரும் பார்க்க நீட்ட மனசு வரவில்லை. கிட்டே போய், உள்ளங்கையில் மறைத்துக் கொடுத்தான்.

“எல்லாரும் இருக்கறப்ப வேணாம்னுதான் ஐயா பேசாம இருந்தேன். நீங்களே பாருங்க.”

தெய்வசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேலே அச்சடித்திருந்த பெயரை இன்னொரு தடவை படித்தார். பில் சத்தமில்லாமல் அவருடைய ஈர டிரவுசர் பைக்குள் போனது.

“எந்த பங்க்யா அது? சொல்லு, இப்பவே கம்ப்ளெய்ன்ட் குடுத்துடலாம்!” கோவிந்தசாமி செல்போனையே எடுத்துவிட்டார்.

“அட, உடுய்யா. பாவம், அவனும் புள்ளகுட்டிக்காரனாத்தான் இருப்பான்.”

ஒரு நிமிடத்துக்கு முன்னால் தூக்குக் கயிறு கேட்டவருக்கு இப்படி ஒரு இளகிய மனசா என்று நண்பர்கள் அசந்துபோனார்கள்.

தெய்வசிகாமணி அம்மாவாசையின் தோளில் கைபோட்டு, கார் நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கத்தான் கூட்டிப்போகிறார் என்று அம்மாவாசை நினைத்தான். திருடன் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவனுக்கு. கண்கூடக் கலங்கியது.

யாரும் பின்னால் வரவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தெய்வசிகாமணி பல்லைக் கடித்தார்.

“சாவிய நீயே வெச்சித் தொல. ஏண்டா, நம்ம வூட்டு வண்டிங்களுக்கு நம்ம பங்க்ல பெட்ரோல் போடக்கூடாதுன்னு ஒனக்கு யாருமே சொல்லலியா?”