விரிப்பில் ஒரு வட்ட ஓட்டை

"பைத்தியக்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான்யா!"

கொலெத் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

கடைசிப் பனியும் உருகி, கொல்லைப்புறத்து நீச்சல்குளம் அப்போதுதான் கண்ணில் பட்டிருந்தது. தரைமேல் நெஞ்சளவு உயரத்துக்கு நிற்கும் குளம். அதன் தகரச் சுவர் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. நீலப் பிளாஸ்டிக் விரிப்பு கிழிந்து தொங்கியது. அடியில், நட்டநடுவே, தட்டளவுக்கு ஒரு வட்ட ஓட்டை.

"இது வழியா தண்ணி பூரா போயிருக்கு. தாங்கத் தண்ணி இல்லாம மேல இருந்த பனிக்கட்டி இடிஞ்சு விழுந்து, சுவரையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கு. யார் போட்டது இந்த ஓட்டைய?"

"நான்தான்" என்றார் அவள் புருஷன் கஸ்தோன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சண்டைக்கு அஞ்சாதவர்.

"எதுக்கு?"

"பனி எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாத்தேன்."

"குளத்துப் பனியில கை வைக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்!"

"என் குளம், என் பனி. பாத்தேன். இப்ப என்னங்கிற?"

வந்தவன் போனவன் எல்லாம் யோசனை சொன்னான். தூக்கிப் போட்டுவிட்டுப் புல்லு வளர்க்கச் சொன்னான் ஒருவன். பழைய இரும்புக்காரனைக் கூப்பிடச் சொன்னான் இன்னொருவன்.

"ஜூன் மாசம் புனித யோவான் திருநாளுக்கு இதுலதான் குதிப்பேன். வந்து வேடிக்கை பாரு" என்று பதில் சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தார் கஸ்தோன்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மிரேய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நாற்காலியில் அவளுடைய அப்பா அர்மான், மடியில் கம்பளியோடு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க அப்பாவுக்காவது மறதி நோய். உங்களுக்கு என்ன மாமா கேடு?"

கஸ்தோன் சிரிக்கவில்லை. "அவர் எப்படிம்மா இருக்காரு?"

"போன வாரம் அடுப்பை அணைக்காம விட்டுட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை இப்படி ஏதாவது பண்ணினார்னா முதியோர் இல்லம்தான். இடம் சொல்லி வெச்சாச்சு."

"அங்க போனா ஒரு மாசம் தாங்க மாட்டாரு."

"எனக்கு மட்டும் ஆசையா மாமா? நான் வேலைக்குப் போயிட்டா யார் பாக்கிறது?"

கஸ்தோன் சுத்தியலோடு குளத்துக்குள் இறங்கினார்.

மடங்கிய சுவரைத் தட்டி நிமிர்த்தினார்கள். விரிசலுக்கு அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்தார்கள். கரைந்துபோன மணலை மறுபடி கொட்டிச் சமன் செய்தார்கள். கொலெத் தகட்டைப் பிடித்தபடியே திட்டினாள், மணலை மிதித்தபடியே திட்டினாள். கஸ்தோன் ஒவ்வொன்றுக்கும் "ஆமா, நான்தான் செஞ்சேன்" என்று நிமிர்ந்தே நின்றார். தப்பு செய்தவனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று கொலெத்துக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

புது விரிப்பு விரிக்கும் அன்று, படலைத் தள்ளிக்கொண்டு மிரேய் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. கையில் துளை போடும் ஆளுயரத் திருகு ஒன்று.

"அப்பாவோடது. ஆத்துப் பனியில துளை போட்டு மீன் பிடிக்கிறது. இதோட நுனியப் பாருங்க."

அதில் ஒரு துண்டு நீலப் பிளாஸ்டிக் சுற்றியிருந்தது.

"உண்மையச் சொல்லுங்க மாமா. அப்பாதானே?"

கஸ்தோன் வாயைத் திறந்தார். இத்தனை நாள் அத்தனை பேரிடமும் எகிறிய மனுஷனுக்கு இப்போது சத்தமே வரவில்லை.

கொலெத் அந்த நீலத் துண்டைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே கதை! நான்தான் உங்க ஷெட்ல இருந்து இதை எடுத்துட்டு வந்து இந்த ஆள்கிட்ட குடுத்தேன். கேக்காம எடுத்தது என் தப்பு. அதுக்கு வயசான மனுஷன் மேலயா பழி போடுவ?"

"நீங்களேதானே அத்தை இத்தனை நாளா மாமாவத் திட்டினீங்க?"

"என் புருஷன், நான் திட்டுவேன். உனக்கு என்ன?" கொலெத் இடுப்பில் கை வைத்தாள். "நாளையில இருந்து வேலைக்குப் போறப்ப உங்க அப்பாவ இங்க விட்டுட்டுப் போ. எங்களுக்கும் சுத்தியல் எடுத்துக் குடுக்க ஆள் வேணும். நாலு கண்ணும் அவர் மேலதான் இருக்கும்."

மிரேய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா, தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலையில கூட்டிட்டு வரேன் அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

படல் சாத்திய சத்தம் கேட்டதும் கொலெத் திரும்பினாள். மாதா கோயில் பூசைப் பாத்திரங்களின் பெயர்கள்தான் அந்த ஊரில் கெட்ட வார்த்தை; அத்தனையையும் சொல்லித் திட்டி முடித்தாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னைக்குத்தானே நடந்துச்சு? நீ வீட்டுலதானே இருந்த? அவர் துளை போடுறதப் பாத்துக்கிட்டா நின்ன?"

கஸ்தோன் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னார்.

"தடுக்கத்தான் ஓடினேன். 'வா கஸ்தோன், இன்னைக்கு மீன் நல்லா கடிக்கும்'னாரு. ரெண்டு வருஷமா அவருக்கு நான் யாருன்னே தெரியாது, கொலெத். அன்னைக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"அதனால?"

"நானும் பனி மேல ஒரு வாளியக் கவுத்துப் போட்டு, அவர் பக்கத்துல உக்காந்துட்டேன்."