எட்டிப் பார்க்காத பெட்டி

மைத்துனனை வழியனுப்பும்போது ஆய்வகத் தலைவரின் கண் கலங்கியிருந்தது. பாசம் என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆளைத் தெரியாதவர்கள்.

"இனிமே நீ இந்தப் படியே ஏற வேணாம்ப்பா. எங்க வேணா உக்காந்து லேப்டாப்லயே வேலையப் பாரு," என்று தோளைத் தட்டினார்.

"கேபிள் கட்டை மட்டும் யாரும் அமுக்காம பாத்துக்கோங்க மாமா. லேசா வளைஞ்சாலே வெளிச்சம் ஒழுகிடும்."

"என் உசுரு மாதிரி பாத்துக்கறேன், போ."

புது நெட்வொர்க் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் இடம் அது. ஒவ்வொரு சோதனைக்கும் கண்ணாடி இழைக் கேபிள்களை ஓரிடத்தில் கழற்றி வேறிடத்தில் மாட்ட வேண்டும். அதற்காகக் கருவிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் கையை விடுவது மைத்துனன் ஒருவன்தான்.

அந்தக் கைதான் தலைவருக்கு எமன். சர்க்கரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, தலைவர் தம் கிரீம் பன்னை அந்தக் கேபிள் கட்டுக்குப் பின்னால்தான் ஒளித்துவைத்தார். கேபிள் மாட்டப் போன கை பன்னோடு வெளியே வரும். சாயங்காலத்துக்குள் சேதி அவனுடைய அக்காவுக்கு, அதாவது தலைவரின் மனைவிக்குப் போய்ச் சேரும்.

"இன்னொரு தடவை மாட்டுனீங்க, நானே தினமும் ஆபீசுக்கு வந்து உங்க எதிர்ல உக்காந்துருவேன்," என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அன்றைக்குத்தான் தலைவருக்குத் தொழில்நுட்ப வளர்ச்சியின் மேல் அப்படியொரு அக்கறை பொங்கியது. மேலிடத்தோடு மல்லுக்கட்டி ஓர் ஒளி ஸ்விட்சை வரவழைத்தார். உள்ளே பொடிப்பொடியாய்க் கண்ணாடிகள். அவை இப்படியும் அப்படியும் சாய்ந்து, ஓர் இழையில் வரும் வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றாமல் வெளிச்சமாகவே இன்னோர் இழைக்குள் திருப்பிவிடும். எங்கிருந்தாவது லேப்டாப்பில் கட்டளை கொடுத்தால் போதும்; கேபிளை எவரும் தொட வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் எந்தக் கையும் போக வேண்டாம்.

"உள்ள என்ன சேதி போகுதுன்னு இது பாக்குமா?" என்று பொருத்த வந்தவரிடம் கேட்டார்.

"எட்டிக்கூடப் பாக்காது சார். எந்த இழையில வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு அளந்து காட்டும், அவ்வளவுதான்."

"தங்கமான பெட்டி," என்றார் தலைவர். சொந்தத்தில் யாரையும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

மைத்துனனை வழியனுப்பிய மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அலமாரியின் பின்கதவைத் திறந்தார். கேபிள் கட்டை முழங்கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறைவிடத்திலிருந்து பன்னை எடுத்தார். எத்தனை நாள் பிரிவு. கண்ணை மூடி ஒரு கடி கடித்தார்.

போன் அடித்தது. மைத்துனன்.

"மாமா, பின்பக்கம் ஏதோ ஒரு கட்டு வளையுது. இங்க திரையில வெளிச்சம் இறங்கிக்கிட்டே போகுது."

தலைவர் வாயிலிருந்ததைக் கன்னத்தில் ஒதுக்கினார். "எலியா இருக்கும்ப்பா. நான் விரட்டிடறேன்."

"நானும் எலின்னுதான் சொன்னேன் மாமா. நம்ப மாட்டேங்குறாங்க."

"யாரு நம்பல? நீ எங்கருந்து பேசுற?"

"எங்க வேணா உக்காருன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான், உங்க வீட்டு ஹால்லயே..."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அடுத்து வந்தது மனைவியின் குரல், ரொம்ப நிதானமாக:

"அந்த எலியைப் பன்னைக் கீழ வைக்கச் சொல்லுங்க."