பார்க்க மட்டும்

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குது," என்றாள் டீச்சர்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ், மகளின் லேப்டாப்பில் லினக்ஸ். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

"பேச வச்சிடலாம்," என்று உட்கார்ந்தார் கம்ப்யூட்டர் கடைக்காரர். பழசைத் தட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, இன்னும் ஓடுதா? எந்த ஃபோல்டர்?"

"போட்டோ எல்லாம். பாப்பா நாளைக்கு ஹாஸ்டல் கிளம்பறா. எல்லாத்தையும் எடுத்துக்கணுமாம்."

"பார்க்க மட்டும் போதுமா, மாத்தவும் அனுமதி வேணுமா?"

"பார்த்தா போதும். பழசை மாத்தி என்ன ஆகப்போகுது?"

அவர் பழையதில் ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டு லேப்டாப்புக்கு வந்தார். அது பழைய கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டது. தட்டினார். மூன்று சக்கர சைக்கிள், விழுந்த முன்பல், முதல் நாள் பள்ளிக்கூடம் என்று படங்கள் வரிசையாக வந்து நின்றன.

எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய மகள் கேட்டாள்: "ஏம்மா, அப்பா உன்கிட்ட பாஸ்வேர்டு கேக்கவே இல்லையே! பிரிஞ்சு பத்து வருஷமாச்சு, நீ இன்னும் மாத்தலையா?"

டீச்சர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாத்தறது எப்படின்னு உங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுக்கலையேடி."