இரண்டு கிழிந்த சட்டைகள்

"என்னைத் தாண்டித்தான் உள்ளே போகணும், சிஸ்டர்."

ராடிஷா இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்து நின்றான். அவன் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை கந்தலாகத் தொங்கியது. மகன் பிறந்த சேதி கேட்டதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நண்பர்கள் கிழித்தது அது. செர்பியாவில் அப்பா ஆனவன் முழுச் சட்டையோடு வீடு திரும்பியதில்லை.

எதிரே கையில் ஊசியோடு ஸ்லவிட்சா. பிரசவ வார்டில் முப்பது வருட நர்ஸ்.

"தம்பி, இது வெறும் வைட்டமின் கே. பிறந்த குழந்தைக்கு உடம்புல இது ரொம்பக் கம்மி. இல்லேன்னா ரத்தம் சரியா உறையாது. மூளைக்குள்ள கசிஞ்சா நமக்குத் தெரியக்கூடத் தெரியாது."

"கொழுகொழுன்னு இருக்கான். பிறந்து ரெண்டு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள குத்தணுமா? பாவம் சிஸ்டர்."

"உன் பொண்டாட்டி உன் இஷ்டம்னுட்டா. நீதான் சொல்லணும்."

"சொல்லிட்டேனே. வேண்டாம்."

ஸ்லவிட்சா ஊசியைத் தட்டில் மூடி வைத்தாள். "இங்கேயே இரு" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கமாக நடந்தாள். லிஃப்ட் காலையிலிருந்து ஓடவில்லை; ராடிஷா நாலு மாடி ஏறித்தான் வந்திருந்தான்.

மூன்றாவது நிமிடம் திரும்பி வந்தாள். பின்னால் ஓர் ஆள். அவன் சட்டையும் கிழிந்திருந்தது. ஆனால் கந்தலாக இல்லை. கோடு போட்டது போல நேராகப் பிளந்திருந்தது. ராடிஷாவுக்குத் தன் நண்பர்களின் முரட்டுத்தனத்தில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"உங்களுக்கும் பையனா, அண்ணே?"

"பையன்தான். பிறந்தப்ப நாலு கிலோ."

"இந்த ஊசி போட்டாங்களா?"

"தொடையில போட்டாங்க. ஒரு தடவை வீல்னான், உடனே தூங்கிட்டான். நான்தான் வராண்டாவுல மயங்கி விழுந்தேன்."

ராடிஷா முதல் முறையாகச் சிரித்தான். "அப்புறம் ஒண்ணும் ஆகலையே?"

"குதிரை மாதிரி உதைக்கிறான்."

விரிந்திருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. ஸ்லவிட்சா உள்ளே போனாள். ஒரு வீறல் கேட்டது. பத்து எண்ணுவதற்குள் அடங்கியது.

"முடிஞ்சுது. தூங்குறான்" என்றபடி வெளியே வந்தாள்.

ராடிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த ஆளைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தான். இடுப்பிலிருந்த பிளம்ஸ் சாராயக் குப்பியை அவன் கையில் திணித்தான்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல பிறந்தவனுங்க. ஒண்ணாவே பள்ளிக்கூடம் போவானுங்க, பாருங்க. உங்க பையன் எந்தத் தொட்டில்ல இருக்கான், அண்ணே?"

அந்த ஆள் நர்ஸைப் பார்த்தான். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"எட்டாங்கிளாஸ்ல இருக்கான், தம்பி. நான் லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவன். சட்டையை சிஸ்டர் இப்பத்தான் கத்தரியால வெட்டினாங்க."