மாடிப்படிக்கு அடியில் ஒரு காபி பார்

"அங்க இல்ல. கீழ."

தனம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். இருசப்பன் டிரில்லிங் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"சார்தான் இந்த உயரம் சொன்னாரும்மா."

"அவருக்கு இன்னா தெரியும்? கீழ."

சுவரோரம் பென்சிலோடு நின்றிருந்த பலராமன், "சரி, கீழயே போட்டுடுப்பா" என்றார்.

அடித்த பலகையை இருசப்பன் மறுபடியும் கழற்றினான். நேற்று மட்டும் மூன்று தடவை கழற்றியாகிவிட்டது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலுக்கு அவன் வேலைக்கு வருவது புதிதல்ல. இப்படி ஒரு வீடுதான் புதிது. "ஹால்ல மாடிப்படிக்கு அடியில இடம் சும்மா கெடக்குது. ஒரு காபி பார் போடணும்" என்று பலராமன் போனில் சொன்னபோது, பார் என்ற வார்த்தையைக் கேட்டு அவன் ஒரு நிமிஷம் பயந்தே போனான். வந்து பார்த்தால் பழைய பேப்பரும் உடைந்த பெடஸ்டல் ஃபேனும் அடைந்து கிடந்த ஒரு மூலை. ரெண்டு பலகை, ஒரு சின்ன மேடை, கெட்டிலுக்கு ஒரு பிளக் பாயிண்ட். அரை நாள் வேலை.

அரை நாள் வேலை இரண்டாம் நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குள் தன் கடைக்கு ரேக் வேண்டும் என்று அடி அண்ணாமலைக் கடைக்காரர் ஒருவர் காலையிலிருந்து போன் மேல் போன்.

சார் சொல்கிற அளவு எல்லாமே தப்பு. நேற்று முதல் பலகைக்கு அவர் போட்ட பென்சில் கோட்டைப் பார்த்ததுமே, "ரசமட்டம் வெச்சுப் பாத்தேன் சார், கோணலா இருக்கு" என்று இருசப்பன் சொன்னான். "பரவாயில்ல, அடி" என்றார். அடித்து முடித்ததும் அந்த அம்மா பின்னாலிருந்து, "கோணல்" என்றாள். வந்தவனை வா என்று கேட்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. முதல் பேச்சே அதுதான்.

அதிலிருந்து வாய் ஓயவில்லை. இருந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதும் கிடையாது. வார்த்தையை மென்று மென்று துப்புகிற அதிகாரம். இடது கையை நீட்டி நீட்டி, அது சரியில்லை, இது சரியில்லை. சாருக்குத் திருப்பி ஒரு வார்த்தை பேசத் துணிச்சல் இல்லை.

ஒரு வழியாகப் பலகை நின்றது. பலராமன் ஃபில்டரையும் டபராக்களையும் காபித்தூள் டப்பாவையும் கொண்டுவந்து அடுக்கினார்.

"முதல் காபி உனக்குத்தான் இருசப்பா."

ஃபில்டரைத் திறந்து அடிப்பாத்திரத்தில் காபித்தூளைக் கொட்டினார்.

"ஐயோ" என்றாள் தனம். "மேல. மேல் டப்பால போடணும்."

"மேலயா?"

"ஓட்டை எதுக்கு இருக்குது? அழகுக்கா?"

தூளை மேலே மாற்றினார். பாதி தரையில் கொட்டியது. கெட்டிலின் சுவிட்சைப் போடாமலே தண்ணீரை எடுத்து ஊற்றப் போனார்.

"சுடவெக்கல! பச்சத் தண்ணி அது!"

இருசப்பனுக்கே பொறுக்கவில்லை. "சார், குடுங்க, நான் போடறேன்" என்று முன்னால் வந்தான். பலராமன் அவன் கையைத் தள்ளிவிட்டார். தண்ணீரைச் சுடவைத்து ஊற்றினார். டிகாஷன் நாலு சொட்டு இறங்குவதற்குள் மேல் டப்பாவைத் தூக்கிவிட்டு, பிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே அதில் சேர்த்தார்.

தனத்தின் முகம் சிவந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷமா வேளாவேளைக்குக் குடிக்கத் தெரிஞ்சுதே, ஒரு நாளு சமையல்கட்டுல வந்து எப்படிப் போடறாங்கன்னு எட்டிப் பாத்திருப்பீங்களா? பால காய்ச்சாம யாராவது ஊத்துவாங்களா? இதுக்கு ஒரு பலகை, இதுக்கு ஒரு மேடை!"

பலராமன் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தோள்கள் குலுங்கின.

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டான். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். ஒரு கூலிக்காரன் முன்னால் இப்படி அழ வைக்கலாமா? அந்தப் பச்சைப்பால் காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பலராமனும் வாசல்வரை வந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான் அடக்க முடியாமல். "அம்மாவுக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி. நான் வேலைக்கு வந்தவன், போயிடுவேன். நீங்க எப்படி சார் தினம் கேட்டுக்கினு இருக்கீங்க?"

பலராமன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார். கண்கள் இன்னும் ஈரமாக இருந்தன. ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆடி மாசம் அவளுக்குப் பக்கவாதம் வந்துச்சுப்பா. பேசப் பேசத்தான் பேச்சு திரும்பும்னு டாக்டர் சொன்னாரு. இவ, குழறுதுன்னு வெக்கப்பட்டுக்கினு வாயே தொறக்கல. புள்ள போன்ல கெஞ்சிப் பாத்தான், நான் அழுதே பாத்துட்டேன். கோவம் வந்தாலாவது பேசுவாளான்னுதான், அவ கண்ணுக்கு எதிர்ல இந்தக் காபி பார். நேத்து உன்னத் திட்டினா பாரு, அதுதான் ஆடிக்கு அப்புறம் நான் மொத மொத கேட்ட அவ குரல்."

இருசப்பன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"நாளைக்கும் கொஞ்சம் வந்துடு இருசப்பா" என்றார் பலராமன். "அந்தப் பலகைய வேற எங்கயாவது தப்பா மாட்டணும்."