பரிமளாவின் நாற்காலி

ஞானசேகர் தனக்காக வரைந்து கட்டிய வீடு, உள்ளே வசிப்பவர்களைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும். ஒரு காரியத்தை அவர்கள் கையால் சிலமுறை செய்தால் போதும், பிறகு வீடே அதைச் செய்துவிடும். அவன் மனைவி பரிமளா நடந்தால் ஜன்னல்கள் காற்று வரும் பக்கம் திரும்பின. அவள் படிக்க உட்கார்ந்தால் சுவர் நகர்ந்து வெயிலை மறைத்து, தலைக்கு மேலே விளக்கை ஏற்றியது. அவனுக்கு வாசற்கதவு மட்டும் திறந்தது.

"உன்னை மட்டும் இப்படித் தாங்குதே, என்ன சொல்லி வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. அதுவாத்தான் செய்யுது" என்று சுவரைத் தடவிச் சிரித்தாள். அவனைப் பார்த்து அப்படிச் சிரித்து வெகுநாளாகிறது. அவன் வேலை முடிந்து திரும்பும்போது தினமும் தன் அறையில் தூங்கிப்போயிருப்பாள். வீடுதான் அவளைத் தாலாட்டித் தூங்கவைக்கிறது என்று அவனுக்கு வயிறெரிந்தது.

அவள் வெளியே போன ஒரு மதியம், அவளுடைய வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, அவளைப் போலவே குதிகாலைத் தேய்த்து நடந்தான். வீடு ஏமாந்தது. அவள் அறைக் கதவு திறந்தது. அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்ததும் சுவர் நகர்ந்தது, விளக்கு எரிந்தது, வேப்பம்பூ வாசத்தோடு காற்று வந்தது. இவ்வளவு சுகத்தையும் இவள் ஒருத்தியே அனுபவித்திருக்கிறாள்.

காற்றில் தொண்டை கமறியது. தினமும் வாசலில் நுழையும்போது செருமுவதுபோல உரக்கச் செருமினான்.

அறைக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு விளக்கு அணைந்தது.